மலையில் டென்ட், பக்கத்தில் ஜெனரேட்டர்: அந்தச் சத்தத்தை என்ன செய்வது?

கேள்வி இதுதான். கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர்ப் பக்கம், தெரிந்தவர் நிலத்தில் வருடத்துக்கு ஒருமுறை பத்துப் பேர் டென்ட் போட்டுத் தங்குகிறார்கள். கையில் இருப்பது பழைய 2.5 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர், சுற்றிலும் இரும்புக் குழாய் ஃபிரேம் மட்டும் உள்ள திறந்த மாடல். போன தடவை ராத்திரி பதினோரு மணிக்குப் பக்கத்துப் பூண்டுக்காட்டுப் பெரியவர் டார்ச் லைட்டோடு வந்து "நாங்க தூங்க வேண்டாமாப்பா" என்று கேட்டுவிட்டுப் போனாராம். இந்த முறை பிளைவுட்டில் பெட்டி செய்து மூடிவிடலாமா, இல்லை பைக் சைலன்சர் ஒன்றை வெல்டிங் வைத்து மாட்டலாமா என்று அவர்களில் ஒருவர் கேட்கிறார்.

இரண்டும் வேண்டாம். நல்ல கேபிள் ஒன்று 50, 60 மீட்டர் வாங்குங்கள். அந்தப் பணத்துக்குக் கிடைக்கிற அமைதி வேறு எதிலும் கிடைக்காது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நான் திண்டுக்கல்லில் ஜெனரேட்டர் சர்வீஸும் வாடகையும் பார்த்தவன். 2012 மின்வெட்டு ஞாபகம் இருக்கிறவர்களுக்குத் தெரியும், சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாமல் கடைக்குக் கடை வாசலில் ஒரு ஜெனரேட்டர் கத்திக்கொண்டிருந்த காலம் அது. "சத்தத்தைக் குறைச்சுக் கொடுங்கண்ணே" என்று தினமும் யாராவது வந்து நிற்பார்கள். பெட்டி, தெர்மோகோல், முட்டை அட்டை, சாக்கு எல்லாம் அப்போது முயன்று பார்த்ததுதான்.

முதலில் அந்த மிஷினில் எங்கிருந்து சத்தம் வருகிறது என்று பாருங்கள். சைலன்சர் வழியாக வருகிற புகைச் சத்தம் ஒன்று. இன்ஜின் உடம்பிலிருந்து வால்வு, பிஸ்டன் தட்டுகிற சத்தம் இரண்டு. கூலிங் ஃபேன் காற்றை வீசுகிற சத்தம், ஏர் ஃபில்டர் வழியாகக் காற்றை உறிஞ்சுகிற சத்தம், அப்புறம் ஃபிரேமும் டேங்க்கும் அதிர்கிற சத்தம். இப்போது நீங்கள் சைலன்சரை மட்டும் தனியாகப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்? புகைச் சத்தம் 70 டெசிபல், மீதி எல்லாம் சேர்த்து ஒரு 70 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 140 அல்ல, 73. டெசிபல் கூட்டல் அப்படித்தான். புகைச் சத்தத்தை நீங்கள் மந்திரம் போட்டு முழுவதுமாக ஒழித்தாலும் 70 மிஞ்சும். அதாவது ஒரு நாள் வெல்டிங் வேலைக்குக் கிடைத்த லாபம் 3 டெசிபல். காதுக்குப் பாதியாகக் குறைந்த மாதிரி தெரிய ஏறத்தாழ 10 டெசிபல் இறங்க வேண்டும். பைக் சைலன்சர் மாட்டியவர்கள் பலரும் "சத்தம் மாறியிருக்கு, ஆனா குறைஞ்ச மாதிரி தெரியலையே" என்று தலையைச் சொறிவது இதனால்தான். அதோடு அந்தச் சைலன்சரின் எடை முழுவதும் எக்ஸாஸ்ட் போல்ட்டில் தொங்கும், அதிர்வில் போல்ட் தளர்ந்து கேஸ்கட் போகும், பிறகு முன்பைவிட அதிகமாகக் கத்தும்.

அடுத்தது அந்தத் "தட் தட் தட்". இந்தியாவில் 50 ஹெர்ட்ஸ் கரண்ட். உங்களுடையது மாதிரி மிஷின் அதைக் கொடுக்க நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடியே ஆக வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும், ஆக நொடிக்கு 25 வெடி. 25 ஹெர்ட்ஸ் சத்தத்தின் அலைநீளம் கிட்டத்தட்ட 14 மீட்டர், அதன் நாலாவது மடங்கான 100 ஹெர்ட்ஸுக்குக்கூட மூன்றரை மீட்டர் வரும். இவ்வளவு பெரிய அலையை ஒரு இஞ்ச் ஃபோமோ, போர்வையோ, முட்டை அட்டையோ என்ன செய்துவிடும்? முட்டை அட்டை அறைக்குள் கிறீச்சென்ற எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். தோட்டம் தாண்டி, ஜன்னலை மூடினாலும் வீட்டுக்குள் போய்ப் பெரியவரின் தூக்கத்தைக் கெடுப்பது அடியில் இருக்கிற இந்தக் கனமான சத்தம்தான். இன்னொன்று, டெசிபல் மீட்டரும் செல்போன் ஆப்பும் பொதுவாகக் காட்டுகிற அளவு இந்தத் தாழ்ந்த ஒலிகளைப் பெருமளவு கழித்துவிட்டுத்தான் காட்டும். 50 ஹெர்ட்ஸ் என்றால் 30 டெசிபல் கழிந்துபோகும். அதனால் ஆப்பில் எண் நன்றாக இருக்கிறது என்று அவரிடம் போய்க் காட்டாதீர்கள்.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சின்னப் பெட்ரோல் இன்ஜின்களில் எரிகிற எரிபொருளின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கரண்ட்டாக வந்தால் பெரிது. மீதி எல்லாம் சூடு. ஒரு கிலோவாட் கரண்ட் எடுக்கிறீர்கள் என்றால் நான்கு கிலோவாட்டுக்கு மேல் சூடு வெளியே போக வேண்டும், அதில் பாதிக்கு மேல் புகையோடு போனாலும் மிச்சத்தை அந்த ஃபேன் காற்றுதான் கொண்டுபோகிறது. அதைப் பெட்டிக்குள் அடைத்தால் சுட்ட காற்றையே திரும்பத் திரும்ப உறிஞ்சும். நான் ஒருமுறை 18 மில்லி பிளைவுட்டில், உள்ளே தெர்மோகோல் ஒட்டி, பின்னால் ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து, மிகுந்த பெருமையோடு ஒரு பெட்டி செய்தேன். முதல் இருபது நிமிடம் அருமை. அப்புறம் தெர்மோகோல் உருகிய நாற்றம், ஆல்டர்னேட்டர் வைண்டிங் வார்னிஷ் வாசனை, திறந்து பார்த்தால் பெட்ரோல் டேங்க் கை வைக்க முடியாத சூடு. தீப்பிடிக்காமல் போனது என் நல்ல நேரம். கம்பெனிக்காரன் செய்கிற சைலன்ட் மாடலில் காற்று எந்த வழியில் வந்து எந்த வழியில் போக வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் மூடியிருக்கிறான். நாம் கார்பென்டரை வைத்துச் செய்வது அது அல்ல.

சரி, தூரம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். உங்கள் மிஷின் 7 மீட்டரில் 70 டெசிபல் என்றால் 14 மீட்டரில் 64, 28-ல் 58, 56 மீட்டரில் 52. வெல்டிங் இல்லை, பெட்டி இல்லை, 18 டெசிபல் போய்விட்டது. சினிமா யூனிட்டில் பார்த்திருப்பீர்கள், லைவ் சவுண்ட் எடுக்கிற ஷூட்டிங் என்றால் ஜெனரேட்டர் வேன் எங்கேயோ ஒரு மூலையில் நிற்கும், அங்கிருந்து தொடை தடிமனுக்குக் கேபிள் கட்டு ஓடும். லட்சக்கணக்கில் விலை உள்ள சைலன்ட் ஜென்செட் வைத்திருக்கிறவர்களே தூரத்தைத்தான் நம்புகிறார்கள்.

கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். 2.5 சதுர மில்லிமீட்டர், மூன்று கோர், காப்பர் ஃப்ளெக்ஸிபிள் எடுங்கள். 50 மீட்டர் தூரத்துக்குப் போக வர 100 மீட்டர் கம்பி, அதன் ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.74 ஓம், 10 ஆம்பியர் இழுத்தாலும் ஏழெட்டு வோல்ட்தான் விழும். ஒரு சதுர மில்லிமீட்டர் கம்பியில் இதே லோடுக்கு 19 வோல்ட் போய்விடும், கம்பியும் சுடும். நடுவில் டேப் சுற்றிய ஜாயின்ட் கூடாது, மேல்மலையில் பனியும் சாரலும் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ரீலில் சுற்றிய கேபிளாக இருந்தால் முழுவதும் அவிழ்த்துவிட்டுத்தான் லோடு கொடுக்க வேண்டும், சுற்றி வைத்தபடியே ஓட்டி உருகிய ரீல்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

எங்கே வைப்பது என்பதில்தான் பாதி வித்தை இருக்கிறது. காற்று டென்ட்டிலிருந்து ஜெனரேட்டரை நோக்கி அடிக்க வேண்டும். காற்றடிக்கிற திசையில் சத்தம் வளைந்து இறங்கித் தூரம் போகும், எதிர்த்திசையில் மேலே தூக்கிக்கொண்டு போய்விடும். புகையும் அப்படியே எதிர்ப்பக்கம் போகும். மலையில் இதில் ஒரு வசதி உண்டு: வானம் தெளிவாக, பெரிய காற்று இல்லாத நாளில் பகலில் சரிவில் காற்று மேல்நோக்கி ஏறும், பொழுது சாய்ந்தபின் குளிர்ந்த காற்று கனத்துக் கீழ்நோக்கி வழியும். ஆகவே ராத்திரிக்கு மிஷின் டென்ட்டுக்குக் கீழ்ச் சரிவில் இருக்கட்டும். குழிக்குள், பள்ளத்துக்குள் இறக்காதீர்கள், அங்கே புகை தேங்கும். ஆனால் இதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. தெளிவான குளிர் இரவில் பள்ளத்தாக்கின் அடியில் குளிர் காற்றும் அதற்கு மேலே சற்றுச் சூடான காற்றும் நிற்கும், சத்தம் மேலே போகாமல் கீழேயே வளைந்து இறங்கும். எதிர் மலையில் நாய் குரைப்பது ராத்திரியில் வாசலில் குரைக்கிற மாதிரி கேட்கிறதே, அதற்கு ஊர் அடங்கிக் கிடப்பதோடு இதுவும் ஒரு காரணம். நான் சொன்ன 6 டெசிபல் கணக்கு அந்த நேரத்தில் முழுசாகச் செல்லாது. அந்தப் பெரியவர் வீடு கீழே பள்ளத்தில் இருந்தால் நீங்கள் டென்ட்டிலிருந்து கீழே தள்ளத் தள்ள அவருக்கு நெருக்கமாகப் போகிறீர்கள், அதையும் பார்க்க வேண்டும்.

பாறை, மண்மேடு, நிறுத்தி வைத்த ஜீப், இதில் ஏதாவது நடுவில் இருந்தால் இன்னும் நல்லது. மிஷினை நீங்கள் கண்ணால் பார்க்க முடிந்தால் அந்தத் தடுப்பு வேலை செய்யவில்லை என்று அர்த்தம். கனம் முக்கியம், மூன்றடி நான்கடி உயரத்துக்கு மண் மூட்டை அடுக்கினால் பலன் இருக்கும், தார்ப்பாய் கட்டினால் இருக்காது. அடியில் சந்து விட்டால் சத்தம் அதன் வழியே வந்துவிடும். மிஷினைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு மீட்டராவது இடம் விட்டு, டென்ட்டும் பெரியவர் வீடும் இல்லாத பக்கம் முழுவதும் திறந்திருக்க வேண்டும். ஜீப்பை மறைப்பாக வைத்தால் சைலன்சர் முகம் ஜீப்பைப் பார்க்கக் கூடாது. சுற்றிலும் காய்ந்த புல்லை இரண்டு மீட்டருக்குச் செதுக்கிவிடுங்கள். மாசி, பங்குனி மாதங்களில் ஒரு பொறி போதும், சத்தம் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

தரை விஷயம் சின்னது. மண்ணில், புல்லில் வைத்தால் அதிர்வு அங்கேயே அடங்கிவிடும். பாறைமேல், மரப்பலகைமேல், வண்டியின் தகரத் தளத்தில் வைத்தால் அது மத்தளம். பழைய டயர் துண்டு அல்லது தடித்த ரப்பர் மேட் நான்கு காலுக்கும் அடியில் போடுங்கள். மட்டமாக இருக்க வேண்டும், சரிந்திருந்தால் ஆயில் சென்சார் உள்ள மிஷின் தானாக நின்றுவிடும், சென்சார் இல்லாத மிஷின் நிற்காமல் ஓடிப் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும்.

கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே ஒரு அரை மணி நேரம் மிஷினோடு உட்காருங்கள். ஓடும்போது ரோப் கவர், டேங்க், ஃபிரேம், கைப்பிடி என்று ஒவ்வொன்றையும் கையால் அழுத்திப் பாருங்கள் (சைலன்சரைத் தவிர, அதைத் தொட்டால் தோல் அங்கேயே தங்கிவிடும்). அழுத்தும்போது சத்தம் மாறினால் அந்தப் போல்ட் தளர்ந்திருக்கிறது. சைலன்சரில் துருவேறிய ஓட்டை, ஊதுகிற கேஸ்கட், மூடி தொலைந்த ஏர் ஃபில்டர், பழைய மிஷின்களில் இந்த மூன்றும்தான் பெரிய குற்றவாளிகள். ஃபில்டர் மூடி இல்லாமலே ஓட்டுகிறவர்கள் நிறைய, அது காற்றை மட்டுமா உறிஞ்சுகிறது, சத்தத்தையும் வெளியே துப்புகிறது. கம்பெனி சைலன்சரே புதிதாக வாங்கி மாட்டிவிட்டால் பைக் சைலன்சர் யோசனையே வராது.

புதிதாக வாங்குவதாக இருந்தால் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர். இது 3000 சுற்றில் ஓட வேண்டிய கட்டாயம் இல்லாதது. லோடுக்குத் தக்கபடி வேகத்தைக் குறைத்துக்கொண்டு, கரண்ட்டை எலக்ட்ரானிக்ஸ் வழியாகச் சரிசெய்து கொடுக்கும். உங்கள் பழைய மிஷின் ஒரு எல்இடி பல்புக்கும் அதே 3000 சுற்றுதான் ஓடுகிறது, பத்தாயிரம் வாலா வெடித்து ஒரு கொசுவை விரட்டுகிற கதை. ஹோண்டாவின் இயூ 2200ஐ என்ற 21 கிலோ மாடலுக்குக் கம்பெனி சொல்கிற அளவு கால்வாசி லோடில் 48 டெசிபல், முழு லோடில் 57. கவனியுங்கள், முழு லோடில் 9 டெசிபல் ஏறுகிறது. ஆகவே தேவைக்குச் சரியாக வாங்காமல் ஒரு சைஸ் பெரிதாக வாங்கிக் குறைந்த லோடில் ஓட்டுவதுதான் அமைதி. மலைக்கு இது இன்னும் முக்கியம், 300 மீட்டர் ஏறினால் இன்ஜின் பலம் சுமார் மூன்றரை சதவீதம் குறையும். கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டர் பக்கம் என்றால் நாலில் ஒரு பங்கு போச்சு. திண்டுக்கல்லில் கெட்டில் போட்ட மிஷின் மேல்மலையில் அதே கெட்டிலுக்கு முக்கி முனகுவது இதனால்தான், கரும்புகையும் கூடவே வரும்.

வாங்கும்போது ஒரு ஏமாற்று, ஏமாற்று என்றுகூடச் சொல்ல முடியாது, குழப்பம். சில லேபிளில் 86 டெசிபல் என்று இருக்கும், சிலதில் 60 என்று இருக்கும். நம் ஊரில் பெட்ரோல், மண்ணெண்ணெய் ஜென்செட்டுகளுக்கு 2003 செப்டம்பரில் வந்த வரம்பு 86 டெசிபல், ஆனால் அது மிஷின் வெளியிடுகிற மொத்த ஒலிசக்தியின் அளவு. மற்றது 7 மீட்டர் தள்ளி நின்று அளந்தது. திறந்த தரையில் முன்னதிலிருந்து 25 கழித்தால் பின்னது வரும், 86 என்பது 7 மீட்டரில் 61. இது தெரியாமல் 86 போட்ட மிஷினை விட்டுவிட்டு, எங்கே அளந்தது என்றே சொல்லாமல் 65 என்று அச்சடித்த மிஷினை வாங்கி வந்தவர்கள் உண்டு.

இப்போது நிஜமான கேள்வி: ராத்திரி பதினோரு மணிக்கு அது ஏன் ஓட வேண்டும்? கணக்குப் போடுவோம். 9 வாட் எல்இடி ஆறு, ஐந்து மணி நேரம், 270 வாட்-மணி. பத்து செல்போன், ஆளுக்கு 15 என்றாலும் 150. மொத்தம் 420. வீட்டில் கரண்ட் போனால் ஓடுகிற இன்வெர்ட்டரும் 12 வோல்ட், 150 ஏஎச் ட்யூபுலர் பேட்டரியும் இருக்கிறதல்லவா, அதில் 1800 வாட்-மணி இருக்கிறது, பாதி எடுத்தாலும் 900. இரண்டு ராத்திரிக்கு வரும். பேட்டரி 50 கிலோவுக்கு மேல் கனம், ஜீப்பில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும், நிமிர்த்தி வைத்துக் கயிறு போட்டுக் கட்டாவிட்டால் கொண்டை ஊசி வளைவில் ஆசிட் சிந்தும், ஆனால் வாடகையும் இல்லை, சத்தமும் இல்லை. லித்தியம் பேட்டரி பவர் ஸ்டேஷன் வாங்க வசதி இருந்தால் வேலை இன்னும் சுலபம். ஜெனரேட்டரைச் சாயங்காலம் சமையல், மிக்ஸி, தண்ணி மோட்டார் இதற்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள், அதே நேரத்தில் பேட்டரியும் கொஞ்சம் ஏறும். சட்டப்படியும் இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல்தான் வரம்பு, திறந்த மாடலை வைத்துக்கொண்டு அந்த எண்ணை எட்டுவது லேசு இல்லை. "சத்தம் இருந்தாத்தான் காட்டுமாடு வராது" என்று குழுவில் ஒருவர் கட்டாயம் சொல்வார். கொடைக்கானல் டவுனுக்குள்ளேயே பஸ் ஹாரனுக்கு நடுவே அது நின்று மென்றுகொண்டிருக்கிறது, உங்கள் ஜெனரேட்டருக்கா பயப்படப் போகிறது.

புகை பற்றி ஒரு வார்த்தை, இதில் மட்டும் விளையாட்டு கிடையாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தூங்குகிறவன் எழுந்திருக்கவே மாட்டான். சத்தம் குறையட்டும், மழை நனையாமல் இருக்கட்டும் என்று டென்ட்டின் வெளிமடிப்புக்குள்ளோ, சமையல் கொட்டகைக்குள்ளோ, ஜீப்பின் பின்கதவைத் திறந்து வைத்தோ ஓட்டாதீர்கள். டென்ட்டிலிருந்து ஆறேழு மீட்டர் என்பது குறைந்தபட்சம், நீங்கள் 50 மீட்டர் போகப் போவதால் இந்தக் கவலை பெரும்பாலும் தானாகவே தீர்ந்துவிடும். பெட்ரோல் ஊற்றுவதும் மிஷினை நிறுத்தி, ஆறவைத்து, டார்ச் வெளிச்சத்தில்தான்.

கடைசியாக, போய்ச் சேர்ந்த அன்று வெளிச்சம் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். உங்களில் ஒருவர் பூண்டுக்காட்டுப் பெரியவர் வீட்டுக்குப் போகட்டும், போன தடவைக்கு மன்னிப்புக் கேட்கட்டும், எட்டரைக்கு நிறுத்திவிடுவோம் என்று சொல்லட்டும். பிறகு அவர் வாசலிலேயே நின்றுகொண்டு மிஷினை ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் போன் போடுங்கள். சிக்னல் இல்லாவிட்டால் டார்ச்சை ஆட்டுங்கள். சைலன்சர் முகத்தைத் திருப்பி, பாறைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாற்றி, பத்து மீட்டர் நகர்த்தி, அவர் வாசலில் எது குறைவாகக் கேட்கிறதோ அங்கே வைத்துவிட்டுக் கேபிளை இழுங்கள். மலையில் ராத்திரி சத்தம் கூடும் என்று சொன்னேன் அல்லவா, அதனால் ஏழு மணிக்கு இன்னொரு நடை போய் அதே இடத்தில் நின்று காது கொடுங்கள்.